149 ரூபாய்ப் பெயரும் மூவாயிரம் ரூபாய்ப் பாட்டமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் முடித்துத் திண்ணையில் சாய்ந்த நேரம், அக்கா மகன் போனை நீட்டினான். இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறான்.

"மாமா, இதப் பாருங்க. பதினோரு டொமைன் வாங்கிப் போட்டிருக்கேன். மட்டிப்பழத்துக்கு ஒண்ணு, தோவாளைப் பூவுக்கு ஒண்ணு, நேந்திரங்கா சிப்ஸுக்கு ரெண்டு. எல்லாம் டாட் ஷாப், டாட் ஆன்லைன், டாட் சைட். ஒண்ணு வெறும் நூத்தி நாப்பத்தொம்பது ரூவா. நாலுவழிச் சாலை வாறதுக்கு முந்தி ரோட்டோரம் பிளாட் வாங்கிப் போட்ட மாதிரி."

இணையதள முகவரிக்கு வைக்கிற பெயரைத்தான் டொமைன் என்கிறான். பெயர்களைக் குறை சொல்ல முடியாது. கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாளைக்கு யாராவது அதை ஆன்லைனில் பெரிதாக விற்கத்தான் போகிறார்கள் என்று பையன் கணக்குப் போட்டிருக்கிறான். கணக்கில் பாதி சரி. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"ரெனியூவல் எவ்வளவு மக்கா?"

"அதே நூத்தம்பது தானே?"

இல்லை. அவன் கணக்குக்குள் போய், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் இருந்ததைக் கூட்டிப் பார்த்தோம். அடுத்த வருஷம் பதினொன்றையும் புதுப்பிக்க 31,900 ரூபாய். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 37,642. அவன் முதலில் கட்டியது வரியோடு இரண்டாயிரத்துக்கும் கீழே.

பிளாட் வாங்கினால் வருஷா வருஷம் இப்படி யாரும் பணம் கேட்பதில்லை. தீர்வை கட்டினால் போதும். அங்கேதான் அவன் உவமை உடைகிறது. புது டொமைன் எக்ஸ்டென்ஷன்களில் பணம் போட நினைக்கிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூலும் அதுதான்.

விலையா, ஒத்தியா, பாட்டமா?

டொமைன் என்பது இணையத்தில் ஒரு கடையின் பெயர்ப்பலகை. அதில் புள்ளிக்குப் பின்னால் வருவது எக்ஸ்டென்ஷன். டாட் காம், டாட் இன், டாட் ஷாப் எல்லாம் அதுதான். நான் இனி அதை வால் என்றே சொல்கிறேன், எழுதவும் சுளுவு.

நம்ம ஊரில் ஒரு இடத்தைக் கைக்குக் கொண்டுவர மூன்று வழி. விலைக்கு வாங்கலாம், பத்திரம் நம் பெயருக்கு வரும். ஒத்திக்கு எடுக்கலாம், காலம் முடிந்தால் கொடுத்த பணம் திரும்ப வரும். பாட்டத்துக்கு எடுக்கலாம், பணமும் திரும்பாது, விளையும் (தோட்டமும்) நம்முடையதாகாது, பாட்டம் கட்டும்வரை அனுபவிக்கலாம். டொமைன் பெயர் மூன்றாவது வகை. "வாங்கினேன்" என்று எல்லாரும் சொல்கிறோம், நானும் சொல்கிறேன். உண்மையில் அது வருஷப் பாட்டம். டாட் காம், டாட் ஷாப் போன்றவற்றில் ஒரே மூச்சில் அதிகபட்சம் 10 வருஷத்துக்குக் கட்டி வைக்கலாம், அதற்கு மேல் முடியாது.

பாட்டம் யாருக்குப் போகிறது? உச்சியில் ஐகான் என்ற அமைப்பு. 1998இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட, லாபநோக்கமில்லாத நிறுவனம். எந்த வால் உலகில் இருக்கலாம் என்பதை அது முடிவு செய்கிறது. ஒவ்வொரு வாலையும் நடத்த ஒரு நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருக்கும். அதற்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். டாட் காமுக்கு வெரிசைன், நம் நாட்டு டாட் இன்னுக்கு நிக்ஸி. அதற்குக் கீழே நமக்குச் சில்லறையாக விற்கிற ரெஜிஸ்ட்ரார்கள். கடைசியில் நாம். பேருந்து நிலையத்துக் கடைகளை மொத்தமாக ஏலம் எடுத்தவர், அதில் ஒரு மூலையைச் சாயாக்கடைக்கு விடுகிற மாதிரி. மேலே இருப்பவர் வாடகையைக் கூட்டினால் சாயா போடுகிறவன் கட்டத்தான் வேண்டும்.

இத்தனை வால் எங்கிருந்து வந்தது

டாட் காமில் முதல் பெயர் பதிவானது 1985 மார்ச் 15இல். ரொம்ப காலம் காம், நெட், ஆர்க் என்று விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தது. 2001 வாக்கில் இன்ஃபோ, பிஸ் வந்தன. பிறகு மொபி, ஏஷியா என்று சில. வெள்ளம் திறந்தது 2012இல். எந்த நிறுவனமும் புது வால் கேட்கலாம், விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர் என்று ஐகான் அறிவித்தது. வந்த விண்ணப்பங்கள் 1,930. டோனட்ஸ் என்ற ஒரே நிறுவனம் மட்டும் 307 வால்களுக்கு மனு போட்டது. 2013 இறுதியிலிருந்து அவை ஒவ்வொன்றாகத் திறந்து, ஆயிரத்து இருநூறுக்கு மேல் ஆகிவிட்டன. அடுத்த சுற்று 2026இல்; கட்டணம் 2,27,000 டாலர்.

ஒரே வாலுக்குப் பலர் கேட்டால் ஏலம். டாட் ஷாப் 2016 ஜனவரியில் 4.15 கோடி டாலருக்குப் போனது. அதே வருஷம் ஜூலையில் டாட் வெப் 13.5 கோடி டாலர். அவ்வளவு கொட்டியும் டாட் வெப் பல வருஷம் வழக்கிலேயே கிடந்தது என்பது வேறு கதை.

இவ்வளவு பணம் போட்ட நிறுவனம் அதை எப்படித் திரும்ப எடுக்கும்? நம் மருமகன் மாதிரி ஆட்களிடமிருந்துதான். முதல் வருஷம் 149, இரண்டாம் வருஷத்திலிருந்து மூவாயிரம் என்பது யாரோ தவறாக அச்சிட்ட விலை இல்லை, வியாபாரமே அதுதான். பத்துப் பேர் வாங்கி ஏழு பேர் விட்டுவிட்டாலும், மிச்சம் மூன்று பேர் மாட்டிக்கொண்டால் போதும்.

இதில் இன்னொரு சூட்சுமம். நல்ல சொற்கள் நம் கைக்கு வருவதே இல்லை. ஒரு புது வால் திறக்கும்போது முதலில் வர்த்தகமுத்திரை வைத்திருப்பவர்களுக்குக் குறைந்தது 30 நாள் தனி வாய்ப்பு. பிறகு சில ரெஜிஸ்ட்ரிகள் ஒரு வாரம்போல நாளுக்கு நாள் விலையை இறக்கிக்கொண்டே வருவார்கள். குளச்சலில் கரையேறிய மீனுக்கு விடியற்காலை ஒரு விலை, அதே மீன் பத்து மணிக்குத் தெருவில் கூவி வரும்போது வேறு விலை, அந்த மாதிரி. அதற்கும் முன்பே ரெஜிஸ்ட்ரி தனக்கென்று சொற்களை ஒதுக்கி, 'பிரீமியம்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். ஹோட்டல், தங்கம், வீடு என்கிற தரத்துச் சொற்கள் எல்லாம் அந்தப் பெட்டியில். அவற்றில் பலவற்றுக்குப் பாட்டமும் பிரீமியம்தான்: முதல் வருஷம் 40,000 என்றால் ஒவ்வொரு வருஷமும் 40,000. 149 ரூபாய் வரிசையில் நமக்குக் கிடைப்பது, வேண்டியவர்கள் எடுத்துப்போன பிறகு கூடையின் அடியில் கிடக்கும் மீன்.

பாட்டம் கூடுமா என்றால், கூடும். டாட் காமின் மொத்த வியாபார விலைக்கு, அதாவது ரெஜிஸ்ட்ராரிடம் ரெஜிஸ்ட்ரி வாங்கும் விலைக்கு, ஒப்பந்தத்தில் ஒரு வரம்பு உண்டு. 2024 செப்டம்பரில் அந்த விலை 10.26 டாலர் ஆனது. புது வால்களுக்கு அப்படி வரம்பு இல்லை. ஆறு மாதம் முன்னால் அறிவித்துவிட்டு ஏற்றிக்கொள்ளலாம். 2017இல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் தன் கையிலிருந்த சில வால்களின் விலையைப் பல மடங்கு ஏற்றியது. அந்த ஆறு மாதத்துக்குள் பழைய விலையில் 10 வருஷத்துக்குக் கட்டிப் போடுவதுதான் நமக்கு இருக்கிற ஒரே தற்காப்பு.

பூ டாட் மொபி

வால் ஏன் எழும், ஏன் விழும் என்பதற்கு இரண்டு கதை போதும்.

2006இல் டாட் மொபி வந்தது. செல்போனில் பார்ப்பதற்கென்றே தனி இணையதளங்கள் வரும், அவற்றுக்குத் தனி வால் என்று யோசனை. பின்னால் நின்றவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. நோக்கியா, மைக்ரோசாஃப்ட், கூகுள் எல்லாம். 'ஃப்ளவர்ஸ் டாட் மொபி' என்ற பெயரை டொமைன் வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு அமெரிக்கர் 2,00,000 டாலருக்கு எடுத்தார். அடுத்த வருஷமே ஐபோன் வந்தது. சாதாரணத் தளங்களே போனில் ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்தன. தனித் தளம் வேண்டாம் என்றானபின் தனி வால் எதற்கு? அதே பெயர் பின்னாளில் 6,500 டாலருக்குக் கைமாறியது.

மறுபக்கம் அங்குவிலா. கரீபியன் கடலில் ஒரு குட்டித் தீவு. நாடுகளுக்கு இரண்டெழுத்து வால் பிரித்துக் கொடுத்தபோது அதற்கு விழுந்தது டாட் ஏஐ. ரொம்ப நாள் யாரும் சட்டை செய்யவில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்ற ஏஐ செயலி வெளியானது. 2023இல் மட்டும் அந்தத் தீவின் அரசுக்கு டாட் ஏஐ பதிவுகளிலிருந்து வந்த வருமானம் சுமார் 3.2 கோடி டாலர், அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. யாரும் விளம்பரம் செய்து வளர்த்த வால் இல்லை அது. உலகத்துக்குத் தேவை வந்தது, பெயர் ஏற்கெனவே அங்கே நின்றது.

புது வால்களிலும் பெரிய விற்பனை நடந்திருக்கிறது, மறைக்க வேண்டாம். 2018இல் 'வெக்கேஷன் டாட் ரென்டல்ஸ்' 5,00,300 டாலருக்கு விற்றது. அதைக் கவனித்துப் பாருங்கள்: புள்ளிக்கு முன்னும் பின்னும் சேர்த்துப் படித்தால் ஒரு தொழிலின் பெயரே வருகிறது, அந்தத் தொழிலில் பணமும் புரள்கிறது. அப்படி இரண்டு பக்கமும் ஒட்டிப் படிக்கிற பெயர்களுக்குத்தான் இங்கே வாழ்வு. 'தோவாளைப்பூ டாட் சைட்' என்பதில் சைட் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கணக்கு

இந்தத் தொழிலில் ஊறினவர்கள் வைத்திருக்கிற கைக்கணக்கு ஒன்று: நூறு பெயர் வைத்திருந்தால் வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு விற்கும். நல்ல டாட் காம் பெயர்களுக்கே இந்தக் கதி.

டாட் காமில் நூறு பெயர், ஒன்றுக்கு 1,200 ரூபாய் என்றால் வருஷப் பாட்டம் 1,20,000. புது வாலில் ஒன்றுக்கு 2,900 வைத்தால் 2,90,000. வருஷத்துக்கு ஒரே ஒரு பெயர் விற்கிறது என்று வையுங்கள். அந்த ஒன்று இரண்டாம் வகையில் மூன்றரை லட்சத்துக்குப் போனால்தான், விற்றுக்கொடுக்கும் தளத்தின் தரகு பதினைந்து சதவீதம் போக, கைநஷ்டம் இல்லாமல் தப்பலாம். மூன்றரை லட்சம் கொடுத்து ஒரு டாட் சைட் பெயர் வாங்கும் ஆளை நாகர்கோவிலில் காட்டுங்கள், நான் நடந்தே வந்து கும்பிடுகிறேன். வாங்குகிறவனுக்கு வேறு வழி இருக்கிறது என்பதுதான் விஷயம். நம்மிடம் டாட் ஷாப் இருந்தால் அவன் டாட் ஸ்டோர் எடுத்துக்கொள்வான், இல்லையென்றால் டாட் ஆன்லைன், பெயருக்கு முன்னால் 'நம்ம' சேர்த்து டாட் இன். ஆயிரத்து இருநூறு வால் வந்ததால் நமக்கு வாய்ப்புக் கூடியது என்று நினைக்கிறோம். கூடியது வாங்குகிறவனுடைய வாய்ப்பு.

ரப்பர் வைத்தவனுக்குப் பால் வெட்ட ஏழு வருஷம் காத்திருக்கத் தெரியும். ஆனால் ஏழாம் வருஷம் பால் வரும் என்பது அவனுக்கு உறுதி. இங்கே அந்த உறுதி கிடையாது.

நானும் இதில் கை சுட்டுக்கொண்டவன்தான். 2014இல் புது வால்கள் இறங்கிய வேகத்தில், டாட் குருவில் பதினாலு பெயர் போட்டேன். குரு என்பது நம்ம சொல், டியூஷன் சென்டர்காரர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று ஒரு கற்பனை. ஒருவரும் வரவில்லை. அடுத்த வருஷம் ஒரு மெயில் வந்தது: ஒரு பெயருக்கு 4,000 டாலர் தருகிறேன், ஆனால் முதலில் இந்த இணைப்பில் போய் மதிப்பீட்டுச் சான்று வாங்குங்கள், என் பார்ட்னர் கேட்கிறார் என்று. 60 டாலர் கட்டிச் சான்று வாங்கினேன். சான்று அழகாக வந்தது. வாங்குகிறேன் என்றவர் வரவில்லை. சான்று விற்பவனும் பெயர் கேட்டவனும் ஒரே ஆள் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. நீங்கள் வைத்திருக்கிற பெயரைக் கேட்டு யாராவது எழுதி, பணம் கொடுப்பதற்கு முன் உங்களைப் பணம் கட்டச் சொன்னால், அங்கேயே மெயிலை மூடிவிடுங்கள். நிஜமாக வாங்குகிறவர், பணத்தை நடுவில் ஒரு எஸ்க்ரோ சேவையிடம் கட்டிவிட்டுப் பெயர் தன் கணக்குக்கு வந்ததும் அதை விடுவிக்கச் சொல்வார்.

பக்கத்துக் கடைக்காரர் பெயர்

மருமகனின் பதினொன்றில் ஒன்று என் கண்ணை உறுத்தியது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு ஜவுளிக்கடையின் பெயர், பின்னால் டாட் ஷாப். "அவங்க கேட்டா நல்ல விலைக்குக் குடுக்கலாம்லா மாமா" என்றான்.

இது முதலீடு இல்லை. இன்னொருவர் உழைத்துச் சம்பாதித்த பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டு விலை பேசுவது. இதற்கென்றே 1999இலிருந்து ஐகானின் தகராறு விதிமுறை இருக்கிறது. கடைக்காரர் மூன்றைக் காட்டினால் போதும்: பெயர் தன் முத்திரையை ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார். உரிமையாளருக்கே விற்கலாம் என்று பதிவு செய்வது கெட்ட எண்ணத்துக்கு அந்த விதியிலேயே எழுதியிருக்கிற உதாரணம். டாட் இன்னுக்கும் இதேபோல ஒரு முறை உண்டு. டொமைன் பெயருக்கும் வர்த்தகமுத்திரைக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் 2004இலேயே, சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லிவிட்டது. பெயர் பறிபோகும், கட்டிய பணமும் வராது.

புவிசார் குறியீடு பெற்ற பெயர்களிலும் கவனம் வேண்டும். மட்டிப்பழம், நாகர்கோவில் கோயில் நகை, ஈத்தாமொழித் தென்னை எல்லாம் ஒரு ஊர்க்காரர்களின் கூட்டுச் சொத்து. அந்தப் பொருளை விற்கிறவர் அதன் பெயரில் தளம் வைப்பது ஒன்று, ஒரு மட்டிக்குலைகூட வெட்டாதவன் பெயரை அடைத்து வைப்பது வேறொன்று.

அப்படியானால் புது வாலே வேண்டாமா

சொந்தக் கடைக்கு என்றால் தாராளமாக எடுக்கலாம். சிப்ஸ் கடைக்காரருக்கு வருஷம் மூவாயிரம் ஒரு செலவே இல்லை. பெயர்ப்பலகை ஃப்ளெக்ஸ் அடிக்கவே அதற்கு மேல் ஆகும். ஆனால் டாட் காமையோ டாட் இன்னையோ சேர்த்து எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. கன்னியாகுமரியில் தங்கும் விடுதி நடத்துகிற ஒருவருக்கு நான் செய்துகொடுத்த தளம் ஒரு புது வாலில் இருந்தது. போனில் அவர் முகவரி சொல்வதைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். பெயரைச் சொல்வார், வாலைச் சொல்வார். எதிர்முனையில், "சரி, அதுக்கப்புறம் டாட் காம் தானே?" "இல்லைங்க, அவ்வளவுதான்." "டாட் காம் போடலைன்னா எப்படிங்க திறக்கும்?" ஒரு நாளைக்கு நாலு தடவை இது நடக்கும். புக்கிங் உறுதி மெயில்கள் வேறு அடிக்கடி ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தன. விலை மலிந்த வால்களை மோசடிக்காரர்கள் கொத்தாக வாங்கித் தள்ளுவதால், மெயில் வடிகட்டிகள் சில வால்களையே சந்தேகத்தோடு பார்க்கின்றன. நாம் யோக்கியமாக இருந்தாலும் தெருவின் பேர் கெட்டிருக்கும்.

இதற்கு நேர்மாறாக, நம்பிக்கை எப்படி உண்டாகிறது என்பதற்கு 'பேங்க் டாட் இன்' நல்ல உதாரணம். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் அதற்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. வங்கி தவிர வேறு யாருக்கும் அந்தப் பெயர் கிடைக்காது, அதனால்தான் மதிப்பு. அதனாலேயே அதில் நாம் முதலீடு செய்யவும் முடியாது!

தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று வால்கள் இருக்கின்றன. எனக்கு அவற்றின் மேல் ஒரு ஆசை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அவற்றை வாங்கி விற்கிற சந்தை இன்னும் உருவாகவில்லை. பிரவுசருக்குள் அவை ஆங்கில எழுத்தும் கோடும் கலந்த ஒரு சங்கேத வடிவமாக மாறித்தான் ஓடுகின்றன. சில படிவங்களில் தமிழ் முகவரியை அடித்தால் 'தவறான முகவரி' என்று திருப்பி அனுப்பும். ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் கேட்டபிறகும் இறங்கித்தான் பார்ப்பேன் என்கிறவர்களுக்கு: பெயர் அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், இதை வாங்கக்கூடிய பத்து நிறுவனங்களின் பெயரை ஒரு தாளில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடியாவிட்டால் அந்தப் பெயரை விடுங்கள். நேம்பயோ என்ற தளத்தில் பழைய விற்பனைகள் கிடைக்கும். அதே வாலில், அதே மாதிரிச் சொல் என்ன விலைக்குப் போனது, அல்லது போகவே இல்லையா என்று தேடுங்கள். பதிவு செய்யும் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விலையை விட்டுவிட்டு ரெனியூவல் விலையை மட்டும் படியுங்கள். மூன்று வருஷப் பாட்டத்தைத் தனியாக எடுத்துவைக்க முடிகிற எண்ணிக்கையில் நிறுத்துங்கள். தவறவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் வேண்டாம். பொது வால்களில் கெடு முடிந்தும் பல ரெஜிஸ்ட்ரார்கள் சில வாரம் பொறுப்பார்கள், அதற்கப்புறமும் 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம். பிறகு ஐந்து நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த அபராதம் மட்டும் சில வருஷப் பாட்டம் அளவுக்கு வரலாம்.

அன்று சாயங்காலம் சாயாவும் பழம்பொரியும் வருவதற்குள், மருமகன் பத்துப் பெயர்களுக்குத் தானியங்கிப் புதுப்பித்தலை அணைத்துவிட்டான். ஜவுளிக்கடைப் பெயர்தான் முதலில் போனது. மட்டிப்பழப் பெயரில் கை வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. அக்கா அடுக்களையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள் போல. "எலே, நம்ம விளையில நிக்கிற பத்து மூடு மட்டிக்கு அதப் போடேம்லே" என்றாள். இப்போது அந்தப் பெயரில் ஒரே ஒரு பக்கம் இருக்கிறது: ஒரு குலையின் படம், விலை, வாட்ஸ்அப் எண். டாட் இன்னையும் அவனே எடுத்துவிட்டானாம், 700 ரூபாய்க்கு.